கெர்னலைக் கட்டிப் பார்!

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008-ஆம் ஆண்டு விதிமுறையில் கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஏழாம் பருவத்தில் 'ஓப்பன் சோர்ஸ் லேப்' என்று ஓர் ஆய்வக வகுப்பு இருந்தது. அதன் முதல் பயிற்சியே லினக்ஸ் கெர்னல்தான். கெர்னல்.ஆர்க் தளத்திலிருந்து மூலநிரலை இறக்கி, கட்டமைத்து, கம்பைல் செய்து, அதே கணினியில் நிறுவ வேண்டும்; மூலநிரலைத் திறந்து பார்க்கவும் முயல வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிமுறையின் இயங்குதள ஆய்வகப் பட்டியலோ விண்டோஸ் நிறுவுவதில் தொடங்கி, விஎம்வேருக்குள் லினக்ஸ் நிறுவுவதில் முடிகிறது. நடுவில் சிபியு நேரப் பங்கீடு, பேங்கர்ஸ் அல்காரிதம், பக்க மாற்றம் என்று சி மொழியில் எழுதிப் பார்க்கும் கணக்குகள். கெர்னலைக் கம்பைல் செய்வது அந்தப் பட்டியலில் இல்லை.

இது முன்னேற்றமல்ல. இயங்குதளத்தை நிறுவத் தெரிவதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் கணினிக் கடை வைத்திருப்பவர் அதைவிட வேகமாகச் செய்து கொடுப்பார். நிறுவப்படும் பொருளுக்குள் என்ன இருக்கிறது, அதை அங்கே வைக்க முடிவு செய்தது யார், அந்த முடிவை மாற்றினால் என்ன ஆகும் என்பதுதான் கல்லூரியில் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் கற்றுத்தரும் பயிற்சி கெர்னல் பில்ட். அதைக் கைவிட்டது தவறு.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையத்தில் இருக்கும் மென்பொருள். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், எந்த நொடியில் பிராசசர் யார் கையில், விசைப்பலகையில் தட்டிய எழுத்து எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தம் 21-ஆவது வயதில் வெளியிட்ட முதல் லினக்ஸ் கெர்னல் சுமார் 10,000 வரிகள் கொண்டது. இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆண்ட்ராய்டு போன்கள் முதல், 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் வரை அதில்தான் ஓடுகின்றன.

3 கோடி வரியையும் எந்தக் கணினியும் சுமப்பதில்லை. பாதிக்கு மேற்பட்டவை டிரைவர்கள்: உலகில் விற்கப்பட்ட வைஃபை சிப், ஒலி அட்டை, பிரிண்டர் போர்ட், காணாமல்போன கம்பெனிகளின் காணாமல்போன கருவிகள் என எல்லாவற்றுக்கும் எழுதப்பட்டவை. இவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதைச் சொல்வது '.கான்ஃபிக்' என்ற ஒரே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. பெரும்பாலானவற்றுக்கு விடை மூன்றில் ஒன்று. 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே சேர். 'எம்' என்றால் தனி மாட்யூலாக வைத்துக்கொள், தேவைப்பட்டால் ஏற்றலாம். 'என்' என்றால் வேண்டாம். மொத்தக் கேள்விகள் 10,000-க்கும் மேல்.

அத்தனைக்கும் உட்கார்ந்து விடை எழுதுபவர் எவரும் இல்லை. அதனால்தான் மூலநிரலோடு ஆயத்த விடைத்தாள்களும் வருகின்றன. அவற்றுக்கு 'டெஃப்கான்ஃபிக்' என்று பெயர். 'மேக் டெஃப்கான்ஃபிக்' என்று ஒரு வரி தட்டினால், அந்த வகைப் பிராசசரைப் பராமரிப்பவர்கள் நியாயமானது என்று கருதிய விடைகள் நிரம்பிய கோப்பு கிடைத்துவிடும். 'மேக் மெனுகான்ஃபிக்' என்றால் அதே கேள்விகள் நீலத் திரையில் பட்டியலாக விரியும், விரும்பியதை மாற்றிக்கொள்ளலாம். பல கேள்விகளுக்கு அடியில் உதவிக் குறிப்பும் உண்டு. சந்தேகமாக இருந்தால் இதைச் சொல்லுங்கள் என்று கடைசி வரியில் ஒரு பரிந்துரையும் இருக்கும். இவ்வளவு பரிவோடு எழுதப்பட்ட தொழில்நுட்ப ஆவணம் அபூர்வம்.

இந்த விடைகள் எங்கிருந்து வருகின்றன? ஓர் உதாரணம் போதும். கெர்னல் நொடிக்கு எத்தனை முறை கடிகாரத்தைப் பார்த்து, அடுத்தது யார் முறை என்று யோசிக்க வேண்டும்? சாதாரண பிசிக்களில் 2.4 வரிசைக் கெர்னலில் அது 100 முறை. 2.6 வந்தபோது 1,000 ஆனது. திரையில் சுட்டியும் பாட்டும் தடங்காமல் ஓடும் என்பது காரணம். உடனே மடிக்கணினிக்காரர்கள் முணுமுணுத்தார்கள்: சும்மா இருக்கும் பிராசசரை நொடிக்கு 1,000 முறை எழுப்பினால் பேட்டரி என்ன ஆகும்? 2005-இல் வந்த 2.6.13 பதிப்பில் இதைத் தேர்வுக்கு விட்டார்கள். இயல்பாக 250 என்று வைத்தார்கள். பிறகு 300 என்றொரு வாய்ப்பும் சேர்ந்தது. அந்த எண்ணுக்கான காரணம் சுவையானது: தொலைக்காட்சியின் 25 பிரேம், 30 பிரேம் ஆகிய இரண்டு கணக்குக்கும் அது மீதியில்லாமல் வகுபடும்.

கல்லூரியில் 'டைம் குவாண்டம்' என்று மனப்பாடம் செய்யும் மாணவர் இந்த நான்கு எண்களையும் மெனுவில் நேரில் பார்த்தால், பாடத்தில் வரும் 'டிரேட் ஆஃப்' என்ற சொல்லுக்கு உடல் கிடைக்கும். 250 என்பது இயற்கை விதி அல்ல, பேட்டரிக்கும் திரைக்கும் நடந்த பேரத்தில் முடிந்த விலை என்பது புரியும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள் தரும் கெர்னல் வேறு ரகம். அவர்களுக்கு வாடிக்கையாளர் யாரென்று தெரியாது. அதனால் யார் வந்தாலும் இலை போடும் கல்யாணப் பந்திபோல, ஏறக்குறைய எல்லாவற்றையும் மாட்யூலாகச் சமைத்து வைத்துவிடுகிறார்கள். பூட் கோப்புறையில் இருக்கும் அவர்களுடைய கான்ஃபிக் கோப்பைத் திறந்தால் சாதாரணமாக 10,000 வரியைத் தாண்டும். வசதிதான். பழைய ஸ்கேனரைச் செருகினாலும் வேலை செய்கிறது.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. டிசிசிபி என்ற வலையமைப்பு நெறிமுறை 2005-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சொற்பம். ஆனாலும் பல விநியோகங்கள் அதை 'எம்' என்று போட்டு அனுப்பின. 2017 பிப்ரவரியில் கூகுளில் பணியாற்றிய ஆந்த்ரே கொனோவாலோவ் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்: கணினியில் கணக்கு வைத்திருக்கும் எந்தச் சாதாரணப் பயனரும் அதைக்கொண்டு நிர்வாகி அதிகாரத்தைப் பிடித்துவிடலாம். மாட்யூலை யாரும் முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்க வேண்டியதில்லை; ஒரு செயலி கேட்டாலே கெர்னல் அதைத் தானாக ஏற்றிவிடும். 11 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கதவு தாழில்லாமல் இருந்திருக்கிறது. அந்த ஒரு வரிக்கு 'என்' என்று விடை எழுதியிருந்த கெர்னல்களை இந்தப் பிழை தொடவே இல்லை. 2025-இல் டிசிசிபியை லினக்ஸ் மூலநிரலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

இதை வைத்து எல்லோரும் தங்கள் கெர்னலைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்று வாதிட முடியுமா? அப்படி வாதிட்ட ஒருவர் உண்டு. எரிக் ரேமண்ட் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கெர்னல் கட்டமைப்புக்கு சிஎம்எல்2 என்ற புதிய மொழியை எழுதினார். கணினி பற்றி ஒன்றும் தெரியாத 'டில்லி அத்தை' என்ற கற்பனைப் பெண்மணியும் கெர்னலைக் கம்பைல் செய்ய முடிய வேண்டும் என்பது 2002-இல் அவர் வைத்த வாதம். கெர்னல் எழுதுபவர்கள் கேட்ட எதிர்க்கேள்வி எளிமையானது: டில்லி அத்தை எதற்காகக் கம்பைல் செய்ய வேண்டும்? விநியோகம் தருவதை வாங்கிக்கொண்டு போகட்டுமே! பைத்தான் இல்லாமல் சிஎம்எல்2 ஓடாது என்பதும், இருந்த விதிகள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றச் சொன்னதும் பலருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் 2002 அக்டோபரில், 2.5.45 பதிப்பில், ரோமன் சிப்பல் எழுதிய கேகான்ஃபிக் என்ற முறை உள்ளே வந்தது. இன்றுவரை அதுதான்.

ரேமண்டின் வாதம் தோற்றது நல்லதற்கே. அத்தைக்கு வேண்டியது ஓடும் கணினி. வீட்டில் மின்கட்டணம் கட்டவும் பேரனோடு வீடியோ காலில் பேசவும் கணினி வைத்திருப்பவர் விநியோகக் கெர்னலைத் தொடவே கூடாது. தானே கட்டிய கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது, வாரந்தோறும் கெர்னல்.ஆர்க்கைப் பார்த்து மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். ஒரு மாதம் சோம்பினால், டிசிசிபியை நீக்கி அடைந்த பாதுகாப்பைவிட அதிகம் இழந்திருப்பார். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத கெர்னல் எழும்பவும் எழும்பாது. வேகம் கூடும் என்ற ஆசையும் பெரும்பாலும் வீண். 4 எம்பி நினைவகத்தில் சில நூறு கேபி மிச்சமானால் கொண்டாடிய 1990-கள் போய்விட்டன. 8 ஜிபி உள்ள கணினியில் அந்த மிச்சம் கண்ணுக்கே தெரியாது.

அனுபவசாலிகளும் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறார்கள். பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற ஓப்பன்பிஎஸ்டி, 'ஜெனரிக்' என்ற பொதுக் கெர்னலையே பயன்படுத்துங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தனிக் கெர்னலில் வரும் பிழைக்கு அவர்களிடம் உதவி எதிர்பார்க்க முடியாது. எல்லோரிடமும் ஒரே கெர்னல் இருந்தால் தாக்குபவருக்கு வசதியாகாதா என்ற கேள்விக்கும் 2017-இல் வந்த 6.2 பதிப்பில் அவர்களே விடை கண்டார்கள்: ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் கெர்னலின் துண்டுகள் புதிய வரிசையில் மறுபடி இணைக்கப்பட்டு, அடுத்த பூட்டுக்குத் தயாராகின்றன. கெர்னலைக் கையால் கட்டமைப்பதையே பெருமையாகக் கொண்டிருந்த ஜென்டூ லினக்ஸும் 2020-இல் ஆயத்தக் கெர்னல்களை வழங்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு போன் கம்பெனியும் தனக்கென ஒரு கெர்னலை வெட்டி ஒட்டி வைத்திருந்ததால் திருத்தங்கள் போய்ச் சேரத் தாமதமாயின. கூகுள் அதை மாற்றி, எல்லோருக்கும் பொதுவான ஒரே கெர்னல் படிமத்தைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 12-உம் கெர்னல் 5.10-உம் கொண்டு வரும் போன்களுக்கு அது கட்டாயமானது.

அப்படியானால் மாணவர் எதற்குக் கட்ட வேண்டும்? மேலே சொன்ன முடிவுகள் ஒவ்வொன்றையும் எடுத்தவர் கெர்னலைக் கட்டத் தெரிந்தவர் என்பதால்தான். கட்டாமல் இருப்பது சரி என்று தீர்ப்பளிக்கவும் கட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆயத்தக் கெர்னலே இல்லாத இடங்களில் வேறு வழியும் கிடையாது.

அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டரில் லினக்ஸ் இருப்பது 2003-இல் தெரியவந்தது. ஜி.பி.எல். உரிமத்தின்படி மூலநிரலைக் கொடுங்கள் என்ற நெருக்கடிக்குப் பிறகு நிறுவனம் அதை வெளியிட்டது. அதன்மேல் கட்டப்பட்டதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. அந்த ரவுட்டரின் தொடக்க காலப் பதிப்புகளில் 4 எம்பி ஃபிளாஷ்தான். அதற்குள் கெர்னலும் இருக்க வேண்டும், மற்ற மென்பொருளும் இருக்க வேண்டும். அங்கே 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு டிரைவரைக்கூடச் சேர்க்க முடியாது. 2005-இல் அதே கம்பெனி ஃபிளாஷை 2 எம்பியாகக் குறைத்துவிட்டு லினக்ஸையே விட்டு வேறு இயங்குதளத்துக்குப் போனது. அதன் பின்னும் வேண்டாததை வெட்டி வெட்டி லினக்ஸை அந்த 2 எம்பிக்குள் திணித்துக் காட்டிய ஆட்கள் இருந்தார்கள்! கட்டமைப்புக் கோப்பை வரிவரியாக அறிந்தவர்களால் மட்டும் முடிகிற வேலை அது.

ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு ஒன்றைக் குறிப்பாகக் கேட்கிறது. மூலநிரல் என்றால் நிரல் கோப்புகள் மட்டுமல்ல. கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் நடத்தும் ஸ்கிரிப்டுகளும் சேர்ந்ததே மூலநிரல். கட்டும் வழி தெரியாமல் மூலநிரல் மட்டும் கிடைத்தால் அது பாதி உரிமைதான் என்பதை அந்த உரிமத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து சிசிடிவி ரெக்கார்டர் வரை லினக்ஸ் ஓடும் பெட்டிகள் நம் வீடுகளில் ஏராளம். அவற்றின் மூலநிரலைக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கிடைத்தால் கட்டத் தெரிந்தவர் நம் தெருவில் எத்தனை பேர்?

சென்னைக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் வி.காமகோடி தலைமையிலான குழு ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் உருவாக்கிய சக்தி பிராசசர், 2018-இல் சிலிக்கானில் வார்க்கப்பட்டு லினக்ஸை பூட் செய்து காட்டியது. புதிதாகப் பிறந்த சிப்புக்கு உபுண்டு யாரும் பார்சல் அனுப்ப மாட்டார்கள். ரிஸ்க்-ஃபைவுக்கான டெஃப்கான்ஃபிக்கை எடுத்து, இல்லாத சாதனங்களை நீக்கி, இருக்கும் சாதனங்களுக்கு டிரைவர் எழுதிச் சேர்த்து, எழும்பும்வரை போராட வேண்டும். உள்நாட்டுச் சிப் வேண்டும் என்று பேசாத அரசியல்வாதி இன்று இல்லை. அந்தச் சிப்பில் கெர்னலை எழுப்பும் கைகள் நம் கல்லூரிகளிலிருந்துதான் வர வேண்டும்.

டெஃப்கான்ஃபிக்கிலிருந்து தொடங்குவதன் அருமையும் இங்கேதான். அந்தக் கோப்புகளுக்குள்ளும் குப்பை சேரும் என்பதற்கு 2010-இல் நடந்தது சாட்சி. ஏஆர்எம் பிராசசர் பிரிவில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட டெஃப்கான்ஃபிக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் இயல்பான விடைகளே வரிவரியாகத் திரும்ப எழுதப்பட்டுக் கிடந்தன. பொறுமையிழந்த டோர்வால்ட்ஸ், அத்தனையையும் தூக்கிவிடுவேன் என்றார். அதன்பின் உவே க்ளைனே-கோனிக் என்ற பொறியாளர், இயல்பு விடையிலிருந்து மாறுபடும் வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தார். கிட்டத்தட்ட 2 லட்சம் வரிகள் போயின. செயல்பாட்டில் ஒன்றும் குறையவில்லை. இன்று டெஃப்கான்ஃபிக் கோப்பைப் படிப்பவர் பார்ப்பது அந்தச் சுருங்கிய வடிவத்தை: இந்த வகைக் கணினிக்குப் பொதுவழக்கிலிருந்து எங்கெல்லாம் விலக வேண்டியிருந்தது என்ற பட்டியலை.

பேராசிரியர்கள் சொல்லும் மறுப்புகள் தெரிந்தவைதான். லேப் கணினிகள் பழசு, நேரம் போதாது, ஏதாவது கெட்டுப்போனால் அடுத்த பேட்ச் என்ன செய்யும்? கடைசிக் கவலைக்கு விடை விர்ச்சுவல் மெஷின். விஎம்வேருக்குள் லினக்ஸ் நிறுவுவது ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது. அதற்குள் கட்டி, கெட்டால் அழித்துவிட்டுப் போகலாம். நேரத்துக்கும் வழி உண்டு. விநியோகத்தின் முழுக் கட்டமைப்பைக் கம்பைல் செய்தால் பழைய கணினியில் பல மணி நேரம் ஓடும். டெஃப்கான்ஃபிக் அதில் ஒரு பகுதிதான் எடுக்கும். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை, அந்த நொடியில் கணினி உண்மையில் ஏற்றியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். 2014-இல் சேர்க்கப்பட்ட 'டைனிகான்ஃபிக்' இன்னும் சிறியது. ஓரளவு புதிய கணினியில் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் திரையில் ஓர் எழுத்தும் வராது, எந்த வட்டையும் படிக்கத் தெரியாது. ஒரு கெர்னல் 'வாழ்கிறது' என்று சொல்ல குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

பிழை வரும், வரவேண்டும். வட்டில் இருப்பது எக்ஸ்டி4 கோப்பு முறை. அதற்கான டிரைவரை 'எம்' என்று போட்டாயிற்று. மாட்யூலோ அதே வட்டுக்குள் இருக்கிறது. தொடக்க ராம் படிமமும் உருவாக்கவில்லை. வட்டைப் படிக்க மாட்யூல் வேண்டும், மாட்யூலை எடுக்க வட்டைப் படிக்க வேண்டும். ரூட் கோப்பு முறையை ஏற்ற முடியவில்லை என்று அறிவித்துவிட்டு, கெர்னல் பேனிக் என்று திரை நின்றுவிடும். இந்த ஒரு தோல்வியை ஆராய்ந்து சரிசெய்த மாணவருக்கு பூட் ஆகும் வரிசை ஆயுளுக்கும் மறக்காது. பேங்கர்ஸ் அல்காரிதத்தை சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து பார்த்து எழுதிவிடலாம், எக்ஸ்டர்னலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். எழும்பாத கெர்னலை ரெக்கார்டு நோட்டு எழுப்பாது.

செலவு? மூலநிரல் இலவசம், ஜிசிசி இலவசம், மேக் இலவசம். உதவிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடைதான். நூறு முக்கியமான தேர்வுகளுக்காவது தமிழ் விளக்கம் எழுதும் வேலையைக் கணினித் துறை மாணவர் மன்றம் ஒன்று இரண்டு பருவங்களில் முடித்துவிடலாம். தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் ஆர்வலர்கள் குறைவில்லை, கேட்டால் கைகொடுப்பார்கள்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு அடுத்த முறை இயங்குதள ஆய்வகத்தைத் திருத்தும்போது, 2008-இல் முதலிடத்தில் இருந்த பயிற்சியை மீண்டும் பட்டியலில் ஏற்ற வேண்டும். விண்டோஸ் நிறுவும் பயிற்சியை எடுத்தாலே அதற்கு இடம் கிடைக்கும். தன்னாட்சிக் கல்லூரிகள் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. பாடத்தைத் தாங்களே வகுக்கும் உரிமை அவற்றிடம் ஏற்கெனவே இருக்கிறது. வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.